சுவரில் எழுதியவரும் எழுதப்பட்டவரும்: இலத்தீன் கீறலெழுத்துகள்வழி அன்றாட வாழ்வை அறிதல் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

கல்வெட்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மெய்க்கீர்த்திகளும் கொடை ஆவணங்களுமே ஆகும். அரசன் பெயர், ஆட்சியாண்டு, நிலத்தின் எல்லை, சான்றாளர் கையெழுத்து என்னும் வரிசையில் அமையும் அவை அதிகாரத்தின் குரலில் பேசுவன. ஐரோப்பியக் கல்வெட்டியலும் நெடுங்காலம் இக்குரலுக்கே முதன்மை தந்தது. வெற்றித் தூண்களும் கோயில் முகப்புகளும் சட்டப் பலகைகளும் அதன் தலையாய சான்றுகளாக விளங்கின. ஆயினும், 1748ஆம் ஆண்டில் தொடங்கிய பொம்பேயி அகழாய்வு வேறொரு வகை எழுத்தையும் வெளிக்கொணர்ந்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுக்குள் புதைந்த அந்நகரின் சுவர்களில் தேர்தல் வேண்டுகோள்களும் காதல் பிணக்குகளும் கடைக் கணக்குகளும் வசைகளும் வணக்கங்களும் எழுதப்பட்டிருந்தன. சில வண்ணத்தால் தீட்டப்பட்டவை. பல எழுத்தாணியாலோ ஆணியாலோ சுண்ணப்பூச்சில் கீறப்பட்டவை. பின்னவற்றையே நாம் இக்கட்டுரையில் கீறலெழுத்து எனக் குறிக்கிறோம்.

இவ்வெழுத்துகள் உரோமானியரின் அன்றாட வாழ்வை நேரில் காட்டும் சாளரம் என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. இக்கருத்து பாதி உண்மையே என்பது நம் துணிபு. சுவரெழுத்து ஒரு செய்தி மட்டுமன்று. ஒருவர் ஓர் இடத்தில் நின்று, மற்றொருவரை நோக்கிச் செய்த செயலின் எச்சமும் ஆகும். அச்செயலைக் கருதாது செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும்பொழுது, நாம் காண விரும்பும் வாழ்வையே அங்குக் காண நேர்கிறது. இக்கூற்றினைச் சில சான்றுகளைக் கொண்டு விளக்க முற்படுவோம்.

தொகுப்பும் சுவரும்

தியோடர் மொம்சன் தலைமையில், பெர்லின் அறிவியல் கழகத்தின் ஆதரவில், 1853இல் இலத்தீன் கல்வெட்டுத் தொகுப்புப் பணி தொடங்கியது. அதன் நான்காம் தொகுதியாகக் கார்ல் சாங்கமைஸ்டர் பதிப்பித்த சுவரெழுத்துத் தொகுதி 1871இல் வெளிவந்தது. அதன்பின் வந்த இணைப்புத் தொகுதிகளையும் சேர்த்தால் பொம்பேயியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பதிவாகியுள்ள எழுத்துகள் 11,000க்கும் மேற்பட்டவை. சுண்ணப்பூச்சு மழைக்கும் வெயிலுக்கும் உதிர்ந்துவிடும் இயல்பினது. ஆதலால், அன்று பதிவு செய்யப்பட்டவற்றுள் பெரும்பகுதியை இன்று சுவரில் காண இயலாது. அத்தொகுதி இல்லையெனில் இத்துறையே இல்லை எனலாம்.

எனினும் அத்தொகுதியின் அமைப்புமுறை ஆய்வின் போக்கையும் வகுத்துவிட்டது. தீட்டப்பட்டவை ஒரு பகுதியாகவும் கீறப்பட்டவை மற்றொரு பகுதியாகவும் கலங்களில் எழுதப்பட்டவை பிறிதொரு பகுதியாகவும் பிரிக்கப்பட்டன. இதனால் ஒரே சுவரில் ஒன்றையொன்று பார்த்தவாறிருந்த இரு எழுத்துகள் நூலில் பல பக்க இடைவெளியில் அமைந்தன. சுவரிலிருந்த ஓவியம், வாயில், இருக்கை, எழுத்தின் உயரம் ஆகியவை பெரும்பாலும் பதிவுக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கின. பின்னர் வந்த பொதுமக்கள் நூல்களோ அவ்வொரு வரியையும் விட்டுவிட்டன. சுவைமிக்க நூறு எழுத்துகளைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, 'காதல்', 'வசை', 'உணவு' எனத் தலைப்பிட்டு அடுக்கும் முறை அவற்றால் வழக்கமாயிற்று. படிப்போர் சிரிக்கின்றனர், 'அவர்களும் நம்மைப் போன்றவர்களே' என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி தவறன்று. ஆனால், ஆய்வு அங்கேயே நின்றுவிடுதல் குறையாகும்.

இடம் தரும் பொருள்

இடம் அறியப்படும்பொழுது பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதற்குச் செலாடுஸ் என்னும் வாள்வீரன் பற்றிய எழுத்து நல்ல சான்றாகும். அவன் இளம்பெண்களின் ஏக்கத்துக்கு உரியவன் என்னும் கருத்துடைய எழுத்துகள் பொம்பேயியில் கிடைத்துள்ளன. அரங்க வீரர்மீது நகரப் பெண்கள் கொண்டிருந்த மயக்கத்திற்குச் சான்றாக இவை பலகாலம் காட்டப்பட்டு வந்தன. ஆயின் இவை கீறப்பட்டிருந்த இடம் வாள்வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் உட்புறமாகும். அங்கு வந்து எழுதியவர் நகரப் பெண் என்பதைக் காட்டிலும், செலாடுஸே தன்னைப் பற்றி எழுதினான் என்பதோ, உடனுறை வீரர் அவனைக் கேலி செய்தனர் என்பதோ பொருந்தும். இவ்வாறாக, பெண்களின் ஆசைக்குச் சான்றாகக் கருதப்பட்டது, நாளை உயிரோடிருப்போமா என்று அறியாத ஆடவர் சிலரின் தற்பெருமைக்கோ நகைச்சுவைக்கோ சான்றாகிறது. சொற்கள் மாறவில்லை, இடம் அறியப்பட்டதால் பேசுபவர் மாறிவிட்டார்.

தேர்தல் எழுத்துகளையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். இன்னாரை இப்பதவிக்குத் தேர்ந்தெடுக்குமாறு வேண்டும் இவ்வெழுத்துகள் சுருக்கக் குறியீடுகளோடு, தேர்ந்த எழுத்தாளரால் தெருவோரச் சுவர்களில் தீட்டப்பட்டவை. வாக்குரிமையற்ற பெண்களின் பெயர்களும் பரிந்துரைப்போராக இவற்றில் இடம்பெறுகின்றன. வாத்தியா என்னும் வேட்பாளரை ஆதரிப்போராகச் சிறுதிருடர்களையும் இரவெல்லாம் குடிப்போரையும் உறங்குவோரையும் குறிப்பிடும் எழுத்துகளும் உள்ளன. இவை எதிரணியினர் செய்த இழிவா, நண்பர்கள் செய்த வேடிக்கையா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும், தொழிற்குழுவினர் தம் வேட்பாளரைப் பரிந்துரைக்கும் வாய்பாட்டையே இவையும் பின்பற்றியுள்ளன. எள்ளல் விளங்கவேண்டுமாயின் வாய்பாட்டைத் தெருவில் நடப்போர் அறிந்திருத்தல் வேண்டும். வாத்தியாவின் நடத்தையை இவ்வெழுத்து நமக்கு அறிவிக்கவில்லை. பொம்பேயி மக்கள் தேர்தல் மொழியை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருந்தனர் என்பதையே அறிவிக்கிறது.

எளியோர் குரல் என்னும் கருத்து

சுவரெழுத்தை எளியோரின் குரல் எனப் போற்றுவோர் பலர். இலக்கியம் செல்வர்க்குரியது, சுவர் மக்களுக்குரியது என்னும் பாகுபாடு கேட்பதற்கு இனியது. ஆனால் அது சான்றுகளோடு முழுமையாகப் பொருந்துவதில்லை. வில்லியம் ஹாரிஸ் 1989இல் வெளியிட்ட பண்டைய எழுத்தறிவு பற்றிய நூலில் இத்தாலியின் எழுத்தறிவு 15 விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்திருக்கும் என மதிப்பிட்டார். அம்மதிப்பீடு மிகக் குறைவென மறுத்தவர்கள் சுவரெழுத்துகளையே எதிர்ச்சான்றாகக் காட்டினர். எழுத்துகளின் எண்ணிக்கை எழுதியோரின் எண்ணிக்கை ஆகாது என்பதை இவ்விவாதத்தில் நாம் மறத்தலாகாது. ஒருவரே பல இடங்களில் எழுதியிருக்கலாம். மேலும், செல்வர் இல்லங்களின் உட்கூடங்களிலும் கீறலெழுத்துகள் மிகுதியாக உள்ளன. ரெபெக்கா பெனெஃபீல் 2010இல் மாயுஸ் காஸ்திரிசியுஸ் இல்லத்தின் எழுத்துகளை அவை இருந்த இடத்தோடு இணைத்து ஆராய்ந்து, ஒருவர் எழுதியதற்கு மற்றவர் மறுமொழி எழுதும் உரையாடலாக அவற்றை விளக்கிக் காட்டினார். அங்குச் சுவரில் எழுதுதல் ஒளிந்து செய்யும் குற்றமாக அன்றி, வீட்டிற்கு வருவோரிடையே நிகழும் ஒரு விளையாட்டாகத் தோன்றுகிறது.

இலக்கியத்திற்கும் சுவருக்கும் இடையிலான எல்லையும் உறுதியானதன்று. வெர்ஜிலின் 'ஈனிட்' காப்பியத்தின் தொடக்கச் சொற்கள் பொம்பேயிச் சுவர்களில் பலமுறை கீறப்பட்டுள்ளன. ஈனியஸ் தன் தந்தையைச் சுமந்து செல்லும் ஓவியம் தீட்டப்பட்ட ஒரு முகப்பில், அத்தொடக்கத்தை நையாண்டி செய்து, வீரனையும் போரையும் விடுத்துத் துணிவெளுப்போரையும் ஆந்தையையும் பாடுவதாக ஒருவர் எழுதியுள்ளார். ஆந்தை மினர்வாவின் பறவை. மினர்வா துணிவெளுப்போரின் தெய்வம். இதனை எழுதியவர் காப்பியம் முழுவதையும் கற்றவர் எனக் கூறவியலாது. பள்ளியில் முதலில் மனனம் செய்யும் அடி எல்லோர் நாவிலும் நிற்பது இயல்பே. எனினும், உயர்ந்த காப்பியத்தின் முதலடியைத் தம் தெருவின் தொழிலுக்கு இறக்கி வைக்கும் துணிவு அவரிடம் இருந்தது. அதை இலக்கிய அறிவின்மைக்கோ இலக்கியப் புலமைக்கோ சான்றாக்குவதைவிட, இலக்கியத்தின் புழக்கத்திற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தமாகும்.

எழுதப்பட்டவர் எங்கே?

எளியோர் குரல் என்னும் கருத்தின் பெருங்குறை வேறொன்று. சுவரில் எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வை அது மறைத்துவிடுகிறது. பொம்பேயியின் மதுக்கடை ஒன்றன் சுவரில் சுக்செஸ்ஸுஸ், செவெருஸ் என்னும் இருவர் எழுத்தில் சண்டையிடுகின்றனர். நெசவாளன் சுக்செஸ்ஸுஸ், கடைக்காரியின் அடிமைப்பெண் ஐரிஸ்மீது காதல் கொண்டுள்ளான் என்றும், அவளோ அவனைப் பொருட்படுத்தவில்லை என்றும் செவெருஸ் எழுதுகிறான். பொறாமையால் பேசாதே, உன்னிலும் அழகனோடு மோதாதே எனச் சுக்செஸ்ஸுஸ் விடையிறுக்கிறான். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று செவெருஸ் முடிக்கிறான். பொம்பேயி பற்றிய நூல்களில் இப்பகுதி விரும்பி எடுத்தாளப்படுகிறது. இரு காதலரின் ஊடற் சண்டையாகப் படிக்கப்படுகிறது.

நாம் இங்கு வேறொரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். ஐரிஸ் எங்கே? அவள் பெயர் சுவரில் உண்டு. அவள் சொல் ஒன்றுகூட இல்லை. உரோமச் சட்டப்படி அடிமையின் உடல் அவளது உடைமையன்று. 'அவள் உன்னைப் பொருட்படுத்தவில்லை' என்பதே அவள் மனத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு. அதுவும் போட்டியாளன் ஒருவன் தன் எதிரியைக் குத்துவதற்காக எழுதியது. நாள்தோறும் அக்கடையில் பணிசெய்த அவள் அவ்வெழுத்துகளைப் படித்தாளா, படிக்க அறிந்திருந்தாளா என்பது சுவரில் இல்லை. இதனைக் காதல் நாடகமாக மட்டும் படிப்போமாயின், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விரு ஆடவரின் பக்கத்திலேயே நாமும் நிற்கிறோம் என்பது பொருள்.

மற்றொரு சுவரில் சில நாள்களின் உணவுச் செலவுப் பட்டியல் கீறப்பட்டுள்ளது. ரொட்டி, பாலாடைக்கட்டி, எண்ணெய், திராட்சை மது, வெங்காயம் எனத் தொடரும் அப்பட்டியலில், ஒரு நாள் ரொட்டிக்கு 8 என்றும், அதனின் வேறாகப் 'பையனுக்கு ரொட்டி' 2 என்றும் காணப்படுகிறது. இவ்வெண்கள் ஆஸ் என்னும் காசின் கணக்கு எனக் கொள்ளப்படுகின்றன. இலத்தீனில் 'பையன்' என்னும் சொல் அகவை நோக்காது அடிமையைக் குறிக்கும். இப்பட்டியலை மூவர் கொண்ட ஒரு குடும்பத்தின் செலவாகக் கொண்டு பொம்பேயியின் வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டோர் உளர். உண்டவர் எத்தனை பேர் என்பது பட்டியலில் இல்லை என்பதால் அக்கணக்கு ஊகத்தின் மேல் நிற்பதாகும். உறுதியாக நிற்பது அந்தத் தனி வரியே. அடிமையின் ரொட்டி வேறாக வாங்கப்பட்டது, வேறாகக் கணக்கிடப்பட்டது. பிரித்து எழுதவேண்டும் என எழுதியவருக்குத் தோன்றியது. அன்றாட வாழ்வின் ஒழுங்கு அங்கே ஓரிரு சொற்களில் வெளிப்படுகிறது. அதை அறிவிக்கும் நோக்கம் எழுதியவருக்கு இல்லை என்பதாலேயே அச்சான்று வலிமை பெறுகிறது.

பிழையும் பேச்சும்

மொழியாசிரியர்களாகிய நாம் இவ்வெழுத்துகளிலிருந்து பெறும் பயன் இன்னும் நேரடியானது. ஃபின்லாந்து அறிஞர் வெய்க்கோ வெய்னானென் 1937இல் பொம்பேயி எழுத்துகளின் பேச்சு இலத்தீனை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டார். சொல்லிறுதி மகர ஒலி விடுபடுதல், வினைமுற்றின் ஈற்றுத் தகர ஒலி மறைதல், ஈருயிர் இணைந்து ஓருயிராதல் முதலியவற்றை அவர் தொகுத்துக் காட்டினார். ஐரிஸ் பற்றிய எழுத்திலேயே 'அடிமைப்பெண்' என்னும் சொல் இரண்டாம் வேற்றுமை ஈறின்றி நிற்கிறது. இலக்கணப்படி இவை பிழைகள். மாணவர் கட்டுரைகளில் நாம் சிவப்பு மையால் வட்டமிடும் பிழைகளைப் போன்றவையே இவையும். ஆயின் இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் பிற்காலத்தில் சென்ற திசையை இவை முன்னரே காட்டுகின்றன. எழுதுகோலின் வழுக்கலும் பேச்சின் மாற்றமும் வேறுவேறு என்பதால், ஒரே திரிபு பல கைகளில் மீண்டும் மீண்டும் வரும்பொழுதே அதனைப் பேச்சின் சான்றாகக் கொள்ளலாம். அந்நிதானம் இருப்பின் பிழையும் ஆவணமாகிறது.

கல்லறைகளின் எண்ணிக்கை

கீறலெழுத்தின் சிக்கல்கள் கல்லறை எழுத்துகளுக்கும் உண்டு. இறந்தோரின் அகவையைக் குறிக்கும் ஆயிரக்கணக்கான இலத்தீன் கல்லறைக் கற்களைக் கூட்டிச் சராசரி கண்டால் உரோமானியரின் ஆயுளை அறியலாம் என ஒருகாலத்தில் நம்பப்பட்டது. கீத் ஹாப்கின்ஸ் 1966இல் அதனை மறுத்தார். யாருக்குக் கல் நடுவது, யாருடைய அகவையை எழுதுவது என்பன வழக்காற்றைச் சார்ந்தவை. ஆதலால் அவ்வெண்கள் இறப்பை அன்றி நினைவுகூரும் வழக்கத்தையே அளக்கின்றன என்பது அவர்தம் வாதத்தின் சாரம். ரிச்சர்ட் சாலரும் பிரெண்ட் ஷாவும் 1984இல் இக்குறையையே வாயிலாகக் கொண்டனர். கல்லை நட்டவர் யார், யாருக்கு நட்டார் என வினவி, கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறுகுடும்ப உறவே மேலோங்கி நிற்பதைக் காட்டினர். சான்று எவ்வினாவுக்கு விடை கூறவல்லது என்பதை அறிந்து வினவுதலே ஆய்வுத் திறன் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வட இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் என்னும் ஊரில் கிடைத்த ரெஜினாவின் கல்லறைக்கல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பிரித்தானியக் குடியொன்றில் பிறந்து அடிமையாயிருந்து விடுதலை பெற்ற அவளுக்கு, சிரியாவின் பல்மைரா நகரத்தவனாகிய பராத்தேஸ் அக்கல்லை நட்டான். இலத்தீன் பகுதி அவளை விடுதலை பெற்றவள், மனைவி, முப்பது அகவையினள் எனக் குறிக்கிறது. அதன்கீழ்ப் பல்மைரா எழுத்தில் அமைந்த ஒற்றை வரியோ, பராத்தேஸால் விடுதலை பெற்ற ரெஜினா என்று கூறி, அந்தோ என்னும் இரங்கற் சொல்லோடு முடிகிறது. இலத்தீன் ஊராருக்குரியது, தாய்மொழி வரி அவன் துயருக்குரியது எனக் கருத இடமுண்டு. புலம்பெயர்ந்தோர் வழிவந்த நமக்கு இவ்விரு மொழிக் கல் பெரிதும் விளங்கக்கூடியதே. ஆனால் ஒருகாலத்தில் அவளுக்கு உடையவனாக இருந்தவனும் அவனே. துயரம் உண்மையாயிருப்பினும், இங்கும் ரெஜினாவின் சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

தெய்வத்திற்கு எழுதியவை

மனிதர் படிப்பதற்கென எழுதப்படாத எழுத்துகளும் உள. இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீரூற்றில், சூலிஸ் மினர்வா தெய்வத்தை நோக்கி எழுதி எறியப்பட்ட சுமார் 130 சாபத் தகடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றை ரோஜர் டாம்லின் 1988இல் பதிப்பித்தார். பெரும்பாலானவை களவு பற்றிய முறையீடுகள். கையுறை இரண்டைப் பறிகொடுத்த ஒருவர், திருடியவர் மதியையும் கண்களையும் இழக்கவேண்டும் என வேண்டுகிறார். கையுறைக்காகக் கண்ணையா என நகைப்பது எளிது. ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் உரிமை பெற்றவராயினும் என அடுக்கிச் செல்லும் வாய்பாடு இத்தகடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. திருடர் எவரும் தப்பிவிடாதவாறு சட்ட ஆவணத்தின் நுணுக்கத்தோடு அது அமைந்துள்ளது. காவலும் வழக்குமன்றமும் எட்டாத இடத்தில், உடைமை சிலவே உள்ள ஒருவருக்கு அந்தக் கையுறை என்ன மதிப்புடையது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

பாலைவழியில் சில பெயர்கள்

இத்துறை நமக்கு அயலானது அன்று என்பதைக் காட்டும் எழுத்துகளும் உண்டு. எகிப்தில் நைல் ஆற்றங்கரைக் கோப்டோசிலிருந்து செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகேவுக்குச் செல்லும் வழியில் வாதி மெனி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. வழிப்போக்கர் நிழலுக்கு ஒதுங்கிய அப்பாறையிடத்தில், காயுஸ் நுமீடியுஸ் ஈரோஸ் என்பார், தாம் இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் அங்கு இருந்ததாக இலத்தீனில் எழுதியுள்ளார். சீசரின் 28ஆம் ஆண்டு என அவர் குறித்திருப்பது கி.மு. 2 ஆகும். அதே இடத்தில் புப்லியுஸ் அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பாரின் அடிமையாகிய லைசாஸ், கி.பி. 6இல் தாம் வந்ததைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் எழுதியுள்ளார். அன்னியுஸ் புளோக்காமுஸின் விடுதலை பெற்ற ஆள் ஒருவர் காற்றால் அலைக்கப்பட்டு இலங்கையை அடைந்தார் என மூத்த பிளினி கிளாடியுஸ் பேரரசர் காலத்து நிகழ்ச்சியாக எழுதுகிறார். பாறையும் நூலும் கூறும் காலங்கள் வேறுபடுவதால், இரண்டும் குறிப்பது ஒருவரையா, ஒரே குடும்பத்தின் இருவரையா என்பது விவாதத்திற்குரியது.

ஈரோஸ் 'இந்தியா' என்று மட்டுமே எழுதினார். முசிறி என்றோ தமிழகம் என்றோ எழுதவில்லை. அதனை நாமே சேர்த்துப் படித்தல் முறையன்று. செங்கடற்கரையின் குசேர் அல்-காதிமில் தமிழ்-பிராமி எழுத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் கீறப்பட்ட ஓடுகள் கிடைத்துள்ளன. 'பானை ஒறி' என ஐராவதம் மகாதேவன் படித்த ஓடும் அங்கிருந்தே கிடைத்தது. இவற்றைத் தமிழர் கடல்வணிகத்தின் பெருமைக்குச் சான்றாக வகுப்பறையில் காட்டுகிறோம், அது தகும். ஆனால் கணன் யார்? வணிகரா, கப்பற் பணியாளரா? தம் பெயரைப் பானையில் கீறவேண்டிய தேவை அவருக்கு ஏன் நேர்ந்தது? பலர் உடைமை கலந்து கிடக்கும் இடத்தில்தான் ஒருவர் தம் பானையைத் தமதெனக் குறிக்கிறார். அந்த ஓட்டில் பேரரசும் பெருவணிகமும் இல்லை. ஓர் ஆள் தம் பொருளைக் காத்துக்கொள்ளும் கவலையே உள்ளது. அக்கவலையை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொள்வோமாயின், கணனை நாம் இன்னும் படிக்கவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இலத்தீன் கீறலெழுத்து ஆய்வின் பயன் அவை தரும் சுவையான செய்திகளில் முடிந்துவிடுவதில்லை என்பது பெறப்படும். ஓர் எழுத்து எங்கு இருந்தது, எதனால் எழுதப்பட்டது, யாரை நோக்கியது, யாரைப் பேசவிடாமல் செய்தது என்னும் நான்கு வினாக்களை எழுப்பிய பின்னரே அதனை அன்றாட வாழ்வின் சான்றாகக் கொள்ளுதல் தகும். இவற்றுள் நான்காவது வினாவே அரிதாக எழுப்பப்படுகிறது. தமிழ்-பிராமி ஓடுகளையும் நடுகற்களையும் மாணவர்முன் வைக்கும்பொழுது இவ்வினாக்களையும் உடன் வைத்தல் ஆசிரியர்க்கு அரிய செயலன்று. செவெருஸும் சுக்செஸ்ஸுஸும் தம் பெயரைச் சுவரில் விட்டுச் சென்றனர். ஐரிஸின் பெயர் அவர்கள் கையெழுத்திலேயே நமக்கு வந்து சேர்ந்தது. அவ்வேறுபாட்டை உணர்த்தாத வரலாற்றுக் கல்வி, எத்துணைச் சான்றுகளைத் திரட்டினும் குறையுடையதே ஆகும்.